அத்தியாயம் 7: தொடாமல் சுற்றும் கம்பி

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்பே கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பொழுது விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. சில மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன, சில இடுப்பில் முறிந்திருந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்ததால் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன. கார்த்திகை தீபம் அந்த இருட்டிலேயே வந்து போனது. புயலடித்துச் சரியாக ஒரு மாதத்தில் மார்கழி.

மார்கழியில் பேராவூரணிப் பக்கத்து ஊர் ஒன்றின் தெருவில் நடந்தேன். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கோலம் இருந்தது. இருந்ததும் கடமைக்கு இழுத்த நாலு கோடு. ஒரு வீட்டு வாசல் தெளிக்கக்கூட இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாயியிடம், வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "யாரும் சாவலம்மா. ஆனா சாவு வூடு மாதிரித்தானே இருக்கு" என்றார். கை தோப்புப் பக்கம் காட்டியது.

பேரிடருக்குப் பிறகு மக்களோடு உட்கார்ந்து வேலை செய்யப் போகிற ஆசிரியர்களும் தொண்டர்களும் ஊர்ப் பெண்கள் குழுவினரும்தான் இந்த நூலைப் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுகிறேன். மற்ற அத்தியாயங்களில் பேச்சு, கதை, பாட்டு என்று பார்த்தோம். இது புள்ளியும் கம்பியும் பற்றியது. திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவத்தைக் கையால் போட்டுக்கொண்டே, நடந்ததை மனசுக்குள் சுற்றி வருவது எப்படி என்பது பற்றியது.

சிக்குக் கோலத்தைக் கவனித்துப் பாருங்கள். கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைக்கும், ஒரு புள்ளியையும் தொடாது. வாயால் சொல்ல முடியாத ஒன்றோடு ஒருத்தி இருக்க வேண்டியிருக்கும்போது இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. விலகி ஓட வேண்டாம், போய் இடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

வாசலில் போடக்கூடாத நாள்கள்

முதலில் ஒரு எச்சரிக்கை. கோலம் நம் ஊரில் வெறும் அலங்காரம் அல்ல, அது ஒரு சேதி. வாசலில் கோலம் இருந்தால் உள்ளே எல்லாம் நலம். சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை கோலம் கிடையாது. பல குடும்பங்களில் வருஷம் திரும்பும்வரை பொங்கல் கோலமும் இல்லை. அமாவாசை, திதி நாள்களில் படையல் முடிந்த பிறகுதான் என்று வைத்திருப்பவர்களும் உண்டு. இந்த வழக்கம் தெரியாமல், "வாங்க, எல்லாரும் கலர் கோலம் போடலாம்" என்று போய் நின்றால் இழவு வீட்டில் மேளம் அடித்த மாதிரி ஆகும். புயலடித்த ஊரில் மனசைத் தேற்றுவதாகச் சொல்லிக் கோலப்போட்டி வைத்து, பரிசாக எவர்சில்வர் குடம் கொடுத்து, போட்டோ எடுத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். குடம் உபயோகப்பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் எதுவும் வாசலில் போடுவது அல்ல. எல்லாம் நோட்டில். நம் வீடுகளில் கோல நோட்டு என்று ஒன்று எப்போதும் உண்டு. பழைய டைரியிலோ கணக்கு நோட்டின் பின்பக்கத்திலோ அம்மாவும் சித்தியும் புள்ளிக் கணக்கோடு எழுதி வைத்த கோலங்கள் இருக்கும். நோட்டில் போடுவதற்குத் தீட்டு இல்லை. கேட்டுத்தான் சொல்கிறேன். நீங்களும் போகிற ஊரில் ஒரு மூத்த பெண்மணியிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

என்னென்ன வேண்டும்

கட்டம் போட்ட கணக்கு நோட்டு, ஆளுக்கு ஒன்று. பால்பாயிண்ட் பேனா. மூன்று நிறங்களில் ஸ்கெட்ச் பேனா கிடைத்தால் நல்லது, இரண்டாம் அமர்வுக்கு உதவும். அழிரப்பர் வேண்டாம். ஜென்டாங்கிள் என்று அமெரிக்காவில் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் இருவரும் பரப்பிய வடிவக் கலையிலும் ரப்பருக்கு இடமில்லை. மூன்றரை அங்குலச் சதுரத் தாள், ஒரு பேனா, ஒரு பென்சில், அவ்வளவுதான். தவறிப்போன கோட்டை அடுத்த கோட்டோடு சேர்த்துக் கொண்டுபோய்விட வேண்டும். மாவில் கோலம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. தப்பிய கம்பியைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே போகிறவர்கள் அவர்கள்.

உட்காரும் இடம்: நிவாரண முகாமின் நடுக்கூடம் வேண்டாம். பள்ளி வராந்தா, மரத்தடி (மரம் மிஞ்சியிருந்தால்), யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் டீ வேண்டும், இதில் சமரசமே இல்லை.

முதல் அமர்வு: மூன்றுக்கு நான்கு

நேர்ப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வரிசைக்கு நான்கு புள்ளி, மூன்று வரிசை. மொத்தம் 12. அடுத்தடுத்து இருக்கும் எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில், கிடையாகவும் சரி நெடுக்காகவும் சரி, கம்பி ஒருமுறை குறுக்கே வெட்ட வேண்டும். ஓரத்துக்கு வந்தால் கடைசிப் புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்ப வேண்டும். விதி இவ்வளவுதான். பேனாவை எடுக்காமல் போனால், புறப்பட்ட இடத்துக்கே கம்பி வந்து சேரும். சரிபார்க்க வேண்டுமென்றால் வெட்டுகளை எண்ணுங்கள், 17 இருக்கும்.

ஏன் மூன்றுக்கு நான்கு? வரிசை எண்ணிக்கையும் வரிசைக்குள் இருக்கும் புள்ளி எண்ணிக்கையும் 1 தவிர வேறு பொது வகுத்தி இல்லாதவையாக இருந்தால் முழுக்கோலமும் ஒரே கம்பியில் முடியும். நான்குக்கு ஐந்தும் அப்படித்தான், மூன்றுக்கு ஐந்தும் அப்படித்தான். மூன்றுக்கு மூன்று போட்டால் மூன்று தனித்தனி வளையம் விழும், நான்குக்கு ஆறு போட்டால் இரண்டு. மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை கம்பி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் உடனே ஏழுக்கு ஒன்பது போட்டுப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். (சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974லேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஆய்விதழில் வெளியிட்டார்கள். கணினிக்காரர்கள் பாடமாகப் படித்ததை நம் அத்தைமார் பல் துலக்குவதற்கு முன் வாசலில் முடித்துவிடுகிறார்கள்.)

முதல் அமர்வில் எதையும் கேட்காதீர்கள். புயல் என்ற சொல்லே உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். கைக்கு ஒரு வேலை, அது முடியும் என்ற உறுதி, முடிந்தது என்று கண்ணுக்குத் தெரிகிற ஒரு முடிச்சு. புயலுக்குப் பிந்திய வாரங்களில் எதுவுமே முடியாது. மனு முடியாது, கரண்ட் வராது, வெட்டிய மரத்தை அள்ள ஆள் வராது. அப்படிப்பட்ட நாளில் பத்து நிமிடத்தில் ஒன்று முடிவது சாதாரணம் இல்லை.

இதற்கு ஆய்வு ஆதாரம் கேட்பவர்கள் இருப்பார்கள். 2005இல் கரி, காஸர் என்ற இருவர் 84 கல்லூரி மாணவர்களிடம் பதற்றமூட்டும் பழைய நிகழ்ச்சி ஒன்றை எழுதச் சொல்லிவிட்டு, சிலருக்கு மண்டல வடிவத்தையும், சிலருக்குக் குறுக்கும் நெடுக்குமான கட்ட வடிவத்தையும், சிலருக்கு வெற்றுத்தாளையும் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வடிவம் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, வெற்றுத்தாள் கிடைத்தவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. வகுப்பறைப் பதற்றமும் தோப்பு போன துக்கமும் ஒன்றல்ல. ஆகவே இதைப் பெரிதாக அளந்து விடாதீர்கள். வெற்றுத்தாளைக் கொடுத்து "மனசுல இருக்கறத வரைங்க" என்று சொல்லக் கூடாது என்பதற்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த தப்பு

அப்படிச் சொன்னவள் நான்தான். முதல் வாரம், ஒரு பள்ளி வராந்தாவில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளைத்தாளும் கலர் சாக்பீசும் கொடுத்து, "புயல் அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சோ அதை வரைங்க" என்றேன். நாலைந்து பேர் மும்முரமாக வரைந்தார்கள். ஒரு பையன் தாள் முழுவதையும் கறுப்பாகத் தேய்த்தான். தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்தது. எழுந்து போனவன் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. அவன் வீட்டு ஓடு அவன் கண்முன்னால் பறந்தது என்று ஆசிரியை பிறகு சொன்னார்.

பேரிடர் நடந்த சூட்டோடு ஆட்களை உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வைத்தால் மனசு லேசாகிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று செயல்: பார், கேள், சேர்த்துவிடு. 'கேள்' என்பதற்குச் சொல்கிறவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது என்று பொருள், துருவித் துருவிக் கேட்பது அல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது தொண்டர்களுக்கு வினையாகிவிடுகிறது.

இரண்டாம் அமர்வு: மூன்று வளையம்

ஒரு வாரம் கழித்து மூன்றுக்கு மூன்று. மூன்று நிறத்தில் போடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு வட்டம், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நீள வளையம், மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, ஆனால் தனித்தனியாக விழும். ஒரே கம்பியில் முடிக்கப் பழகிய பெண்களுக்கு இது உறுத்தும். "என்னம்மா இது, சேரல" என்று யாராவது சொல்வார்கள். அதற்காகவே இது.

இப்போது ஒரு வெட்டை அவிழ்க்கக் காட்டுங்கள். இரண்டு நிறக் கம்பிகள் குறுக்கே வெட்டும் இடம் ஒன்றைத் தேர்ந்து, அடுத்த பக்கத்தில் கோலத்தைத் திரும்பப் போடும்போது அந்த இடத்தில் மட்டும் வெட்டாமல் இரண்டு கம்பியும் முதுகைக் காட்டி வளைந்து திரும்பட்டும். அவ்வளவுதான், இரண்டு வளையம் ஒன்றாகிவிடும். இன்னொரு இடத்தில், மிஞ்சிய வளையத்தோடு இதே மாதிரி செய்தால் மூன்றும் ஒரே கம்பி. இது தவறவே தவறாது, வேறு வேறு வளையம் சந்திக்கும் இடமாக இருந்தால் போதும்.

நாங்கள் போட்ட அன்று ஒருத்தி இதைப் பார்த்துக்கொண்டே, "எங்க வூட்டுல இப்ப மூணு அடுப்பு" என்றாள். மாமியார் பெரிய மகன் வீட்டில், பிள்ளைகள் தாய்மாமன் வீட்டில், இவளும் புருஷனும் தார்ப்பாய்க் கொட்டகையில். யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கடி அவுத்தா சேரும்?" என்று மட்டும் கேட்டாள். நான் டீ ஊற்றப் போனேன். இந்த மாதிரி நேரத்தில் தொண்டர் செய்யக்கூடிய உருப்படியான காரியம் பெரும்பாலும் அதுதான்.

மூன்றாம் அமர்வு: தோப்பு

தென்னையைச் சதுர முறையில் நடும்போது 25 அடிக்கு ஒரு மரம், ஏக்கருக்கு 70. தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். எனக்கு மட்டும் உறைக்கவே மூன்று வாரம் பிடித்தது: தோப்பும் ஒரு நேர்ப்புள்ளிதான்.

அதை எனக்குக் காட்டியவர் ஒரு ஆண். மனைவியை அழைத்துப் போக வந்தவர், ஓரமாக நின்று பார்த்துவிட்டு, ஒரு நோட்டை வாங்கிக் கடகடவென்று புள்ளி வைத்தார். பத்துக்கு ஏழு. பிறகு ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு, "இது நிக்கிது. இது போச்சு. இது போச்சு. இது கொண்டையில்லாம நிக்கிது" என்று சொல்லிக்கொண்டே போன மரங்களுக்கு மேல் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். எழுபதில் பதினொன்றோ பன்னிரண்டோ மிஞ்சின. அரசு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அறிவித்திருந்தது. கணக்கெடுக்க வந்தவர்களின் தாளில் எத்தனை மரம் என்று இருந்தது. எந்த மரம் என்று இல்லை. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்து மரம், அப்பா வைத்தது, இளநிக்கு என்றே விட்டது என்றெல்லாம் இந்த நோட்டில்தான் வந்தது. ஒரு மணி நேரம் பேசினார். நாங்கள் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மூன்றாம் அமர்வை இப்படி வைத்துக்கொண்டோம். அவரவர் இழந்த ஒன்றைப் புள்ளியாக வைப்பது. தோப்பு உள்ளவர்களுக்குத் தோப்பு. மற்றவர்களுக்குத் தெருவின் வீடுகள், மாட்டுக்கொட்டகையின் கட்டுத்தறிகள், பள்ளிக்கூடத்து மரங்கள். எதுவாக இருந்தாலும் வரிசையில் இருக்கும் ஒன்று. போனவற்றின் இடத்தில் புள்ளி வைக்காமல் இடத்தை மட்டும் வெறுமையாக விட வேண்டும். பிறகு கம்பி இழுக்க வேண்டும்.

இங்கே கம்பி தடுமாறும். வெற்றிடத்துக்கு அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு ஒரு துணை குறைந்துபோகிறது. அந்தப் பக்கம் வெட்டு கிடையாது, ஓரத்தில் வளைவதுபோல் அங்கேயும் வளைந்து திரும்ப வேண்டும். கோலத்தின் நடுவே ஒரு ஓட்டை, அதைச் சுற்றி ஒரு கரை. ஒரே கம்பியாக இருந்தது இரண்டாகவும் மூன்றாகவும் பிரியலாம், சில புள்ளிகள் தனியாக ஒரு வளையத்துக்குள் மாட்டிக்கொள்ளலாம். அப்படியே விடச் சொல்லுங்கள். ஓட்டையில் பூ வரைந்து நிரப்பப் பார்ப்பார்கள், குறிப்பாகத் தொண்டர்கள். வேண்டாம். பூசணிப்பூ வைக்க மார்கழி வாசல் இருக்கிறது.

மனிதர்களைப் புள்ளியாக வைக்கச் சொல்லாதீர்கள். யாராவது தானாக வைத்தால் தடுக்காதீர்கள். இந்த வேறுபாடு முக்கியம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டக் கடற்கரையில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாயிடம் இந்த அமர்வைக் கொண்டுபோவது முறையல்ல. மரத்துக்கும் ஓட்டுக்கும் மாட்டுக்கும் பொறுக்கும் பயிற்சி இது. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குப் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் வேண்டும், கோல நோட்டு அல்ல.

வரைய மாட்டேன் என்பவர்களுக்கு

"கோலமெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கும் ஆண்கள் இருப்பார்கள். கோலம் வழக்கமில்லாத இஸ்லாமிய, கிறித்துவக் குடும்பங்கள் இருக்கும் (கிறித்துவக் குடும்பங்களில் கோலம் போடுபவர்களும் நிறைய). கட்டாயப்படுத்த ஒன்றுமில்லை. விழுந்த மரத்தின் ஓலை ஊர் முழுக்கக் கிடக்கிறது. கீற்று முடைவதும் அதே வேலைதான்: ஒன்று மேலே, ஒன்று கீழே, கை பாட்டுக்குப் போகும். முடைந்த கீற்று கூரைக்கும் ஆகும். கடலோர ஊரென்றால் வலை பின்னுகிற இடத்தில் போய் உட்காருங்கள்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமியில் சிதைந்த ஊர்களில் ஒன்று இவாத்தே மாநிலத்தின் ஒட்சுச்சி. முகாமில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்த பெண்களுக்குத் தொண்டர்கள் ஊசியும் நூலும் துணியும் கொடுத்து, 'சஷிக்கோ' என்னும் மரபுத் தையலைத் தொடங்கினார்கள். அலை, சணல் இலை என்று சின்னச் சின்ன ஓட்டுத்தையலில் திரும்பத் திரும்ப வரும் வடிவங்கள் அதில் உண்டு. அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது: முகாமில் ஒருவருக்குக் கிடைக்கும் பாய் அளவு இடத்தில் அதைச் செய்ய முடியும். தைத்தது விற்பனைக்கும் போனது. இதையும் கணக்கில் வையுங்கள். கை வேலை நாலு காசும் தந்தால் "இது எதுக்கு" என்ற கேள்வி வராது.

எப்போது நிறுத்துவது

காற்று கொஞ்சம் பலமாக வீசினால் உடம்பு நடுங்குவது, தூக்கம் வராதது, சாப்பாடு இறங்காதது, இதெல்லாம் முதல் சில வாரங்களில் பலருக்கும் இருக்கும், தானாகக் குறையும். குறையாமல் நாள் தள்ளிக்கொண்டே போனால், அல்லது யாராவது "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி பேசினால், நோட்டை மூடிவிட்டு அவரோடு கூடவே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். எண்ணை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள். கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

நோட்டுகள் அவரவருடையவை. வாங்கி வைக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். கிழித்து அடுப்பில் போடுகிறவர்கள் போடட்டும். காலையில் போட்ட கோலம் சாயங்காலத்துக்குள் காலடியில் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள், அதில் பெரிய வருத்தம் இருக்காது.

அந்த எழுபது புள்ளி நோட்டு மட்டும் பத்திரமாக இருந்தது. அடுத்த வருஷம் மழைக்கு முன் நான் போனபோது தோப்பில் கன்று வைக்கக் குழி வெட்டியிருந்தார்கள். நெட்டை ரகம், காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். பழைய மரத்தின் தூரும் வேரும் மண்ணில் அப்படியே கிடந்ததால் அதே இடத்தில் குழி எடுக்க முடியவில்லை. நான்கு பழைய மரங்களுக்கு நட்டநடுவில் ஒவ்வொரு குழி. வீட்டுக்கார அம்மா நோட்டைக் கொண்டுவந்து அதே பக்கத்தை விரித்தார். நேர்ப்புள்ளிகளுக்கும் பெருக்கல் குறிகளுக்கும் இடையில், நாலுக்கு நடுவே ஒன்றாக, பச்சைப் பேனாவில் புதுப்புள்ளிகள் வைத்திருந்தார்.

"பாத்தீங்களா, இப்ப ஊடுபுள்ளி ஆயிருச்சு" என்றார். "இதுக்குக் கம்பி வேற மாதிரி இழுக்கணும்."